நழுவிய செருப்பு – ஒரு ஜவ்வு விலகல் சிகிச்சையின் நிகழ்வு ஆய்வு

நோயாளி என் அக்காவின் கணவர். வயது 44. ஊர் நாமக்கல். இருபது வருடமாக வடக்கே லாரி ஓட்டியவர். பீடிப் பழக்கம் உண்டு. சர்க்கரை இருக்கிறதா என்று அதுவரை ஒரு முறைகூடப் பார்த்ததில்லை. இனி அவரை மாமா என்றே எழுதுகிறேன்.

நான் மருத்துவன் இல்லை. லாரி புக்கிங் ஆபீஸில் கணக்கு எழுதுகிறவன். அந்தப் பழக்கத்தில், மாமாவுக்கு இடுப்பு வலி வந்த நாளிலிருந்து ஒரு நோட்டில் தேதி போட்டு எல்லாவற்றையும் குறித்து வைத்தேன். எந்த டாக்டர் என்ன சொன்னார், எதற்கு எவ்வளவு ஆனது, எந்த நாளில் மாமாவால் எவ்வளவு தூரம் நடக்க முடிந்தது என்று எல்லாம் அதில் இருக்கிறது. அந்த நோட்டையும் ஒரு பச்சை ஃபைலையும் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். மருத்துவமனைகளின் பெயர்களைச் சொல்லப் போவதில்லை. குறை சொல்லும் இடத்தில் பெயர் போட்டால் ஒருதலைப்பட்சமாகிவிடும். நல்லது செய்த இடத்தின் பெயரைப் போட்டால் விளம்பரமாகிவிடும். தவிர, ‘எந்த ஆஸ்பத்திரி நல்லது?’ என்று கேட்டுக் கேட்டுத்தான் நாங்களே முதல் ஐந்து வாரத்தை வீணாக்கினோம்.

வலி வந்த விதம்

2023 ஜூன் மாதம். புனே போகும் சாலையில் சித்ரதுர்கா தாண்டி ஓர் இடத்தில் மழை பிடித்துக்கொண்டது. லோடு நனையக்கூடாதென்று மாமா மேலே ஏறித் தார்ப்பாயை இழுத்துக் கட்டியிருக்கிறார். நனைந்த தார்ப்பாய் என்ன கனம் கனக்கும் என்று தூக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். குனிந்து, இடுப்பைத் திருப்பி ஒரே இழுப்பாக இழுத்தபோது இடுப்பில் ‘சுருக்’ என்றிருக்கிறது. குனிவது, திருகுவது, கனம் இழுப்பது ஆகிய மூன்றும் ஒரே நொடியில் சேர்ந்தால் முதுகெலும்புகளுக்கு நடுவிலுள்ள ஜவ்வுக்கு அதைவிடக் கெடுதல் வேறில்லை. அதற்கு முன் இருபது வருடம் சீட்டில் உட்கார்ந்து வாங்கிய அதிர்வும் இருக்கிறது. வலியோடு வண்டியை ஓட்டிப்போய் லோடை இறக்கிவிட்டுத்தான் திரும்பினார். டிரைவர் படியை யார் விடுவார்கள்?

வீட்டில் எல்லோரும் வாயுப் பிடிப்பு என்றோம். பூண்டுக் கஷாயம், தைலம், வெந்நீர் ஒத்தடம். ஒன்பதாம் நாள் இடுப்பு வலி பாதியாகக் குறைந்தது. அதே நாளில் இடது பிட்டத்தில் தொடங்கி, தொடையின் வெளிப்பக்கமாக இறங்கி, முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் வந்து, பெருவிரல் வரை கரண்ட் அடிப்பதுபோல் ஒரு வலி ஆரம்பித்தது. இருமினால், தும்மினால், கழிவறையில் முக்கினால் உயிர் போகும். உட்கார்ந்தால் அதிகம், நின்றால் கொஞ்சம் குறைவு.

இங்கே ஜவ்வைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். முதுகெலும்புகளுக்கு இடையில் மெத்தைபோல் இருப்பதைத்தான் நம் பக்கம் ஜவ்வு என்கிறோம். டாக்டர்கள் டிஸ்க் என்பார்கள். நடுவில் கூழ், சுற்றிலும் நார் வளையம். வளையம் விட்டுக்கொடுத்தால் கூழ் பின்பக்கம் பிதுங்கி, பக்கத்தில் போகும் நரம்பு வேரை அழுத்தும். வெளியே வந்த கூழ் நரம்பைப் புண்ணாக்கவும் செய்யும். காலுக்குப் போகும் நரம்பு என்பதால் வலி காலில் தெரியும். இடுப்பில் வரும் பிதுக்கங்களில் மிகப் பெரும்பாலானவை கடைசி இரண்டு ஜவ்வுகளில்தான் வருகின்றன. ‘விலகிடுச்சு’ என்ற சொல்தான் நம்மைக் கெடுக்கிறது. செங்கல் மாதிரி ஏதோ இடம் மாறிவிட்டது, தட்டினால் மறுபடி உட்கார்ந்துவிடும் என்று நினைக்க வைக்கிறது. பிதுங்கிய கூழைத் தட்டி உள்ளே தள்ள முடியாது. கோவை கங்கா மருத்துவமனையின் டாக்டர் ராஜசேகரனும் அவருடைய குழுவினரும் 181 நோயாளிகளை ஆராய்ந்து 2013இல் வெளியிட்ட கட்டுரை, ஜவ்வு எந்த இடத்தில் விட்டுக்கொடுக்கிறது என்பதைப் பற்றியது. நார் வளையம் நடுவில் கிழிவதைக் காட்டிலும், ஜவ்வு எலும்போடு ஒட்டியிருக்கும் விளிம்புத் தகடு பெயர்ந்துகொள்வதே அதிகம், ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, என்று அவர்கள் கண்டார்கள். எலும்பிலிருந்து பெயர்ந்ததை எந்தத் தைலம் போய் ஒட்டவைக்கும்?

படுக்கையும் படமும்

பதினோராம் நாளிலிருந்து மாமா தரையில் பாய் விரித்துப் படுத்தார். ‘பலகையில்தான் படுக்கணும், அசையவே கூடாது’ என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். பன்னிரண்டு நாள் அப்படியே கிடந்தார். அது தப்பு என்று பின்னால்தான் தெரிந்தது. 1999இல் நெதர்லாந்தில் கால் நரம்பு வலிக்காரர்கள் 183 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினரை இரண்டு வாரம் படுக்கவைத்தும் மற்றவர்களை முடிந்த அளவு நடமாடவிட்டும் பார்த்திருக்கிறார்கள். பன்னிரண்டு வாரம் கழித்து இரண்டு பக்கமும் 87 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். படுத்துக் கிடந்ததால் கூடுதலாக ஒன்றும் கிடைக்கவில்லை. மாமாவுக்குத் தொடைச் சதை வற்றியது, மலச்சிக்கல் வந்தது, முக்கி முக்கி வலி இன்னும் கூடியது.

இதற்கிடையில் தெருவில் இருக்கும் ஒரு டாக்டரிடம் சீட்டு வாங்கி, சேலத்தில் எம்.ஆர்.ஐ. எடுத்தோம். 6,500 ரூபாய். ரிப்போர்ட்டில் மூன்று ஜவ்வுகளின் பெயர் இருந்தது. எல் என்றால் இடுப்பு முதுகெலும்பு, எஸ் என்றால் அதற்குக் கீழே இருக்கும் எலும்பு; எண் மேலிருந்து கீழாகப் போகும். எல்-3, எல்-4 நடுவே லேசான வீக்கம்; எல்-5, எஸ்-1 நடுவே லேசான வீக்கம்; எல்-4, எல்-5 நடுவே இடதுபுறம் பெரிய பிதுக்கம், எல்-5 நரம்பு வேர் அழுத்தப்பட்டிருக்கிறது. அதைப் படித்ததும் அக்கா அழுதுவிட்டாள். மூன்று ஜவ்வும் போச்சு என்று சொந்தத்தில் செய்தி பரவியது.

மூன்றில் இரண்டு, அந்த வயதுக்கு நரை மாதிரி. எந்த வலியும் இல்லாத 3,110 பேரின் படங்களை வைத்து நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் ஒரு கட்டுரை வந்தது. வலியே இல்லாத நாற்பது வயதுக்காரர்களில் பாதிப் பேருக்குப் படத்தில் ஜவ்வு வீங்கியிருக்கிறது. 68 சதவீதம் பேருக்குத் தேய்மானம் தெரிகிறது. அதனால் படத்தில் இருப்பதெல்லாம் நோய் இல்லை. காலில் வலி ஓடுகிற வழியும், படத்தில் அழுத்தம் தெரிகிற இடமும் ஒத்துப்போனால்தான் அந்தப் படத்துக்கு மதிப்பு. இதை எங்களுக்குச் சொல்ல முதலில் ஆளில்லை.

முதல் மருத்துவமனை

இருபத்து நான்காம் நாள் பெரிய நகரத்தில் ஒரு பெரிய தனியார் மருத்துவமனைக்குப் போனோம். ஏசி, லிஃப்ட், டோக்கன் எல்லாம் நன்றாக இருந்தன. டாக்டர் படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டிப் பார்த்தார். மாமா ஸ்ட்ரெச்சரில் கிடந்தார். நான்கு நிமிடம், நோட்டில் எழுதியிருக்கிறேன். ‘ரெண்டு இடத்துல ஸ்க்ரூ போட்டுக் கட்டிடணும். விட்டா கால் போயிடும். இந்த வாரமே வச்சுக்கலாம்’ என்றார். மாமாவின் காலை அவர் தொடவேயில்லை.

அடுத்த அறையில் பேக்கேஜ் சொல்லும் பெண் இருந்தார். 3,40,000 ரூபாய், அட்வான்ஸ் ஒரு லட்சம். ஸ்க்ரூ எந்தக் கம்பெனி என்பதைப் பொறுத்து கொஞ்சம் முன்னே பின்னே ஆகும். முதல்வர் காப்பீட்டு அட்டையைக் காட்டினேன். ‘இந்த டாக்டருக்கு அது வராதுங்க’ என்றார்.

‘கால் போயிடும்’ என்ற சொல் இரண்டு நாள் எங்களைத் தூங்கவிடவில்லை. அக்கா நகையை எடுத்து வைத்துவிட்டாள். இப்போது யோசித்தால், கால் பலவீனமாகலாம் என்று அவர் பயந்தது சரிதான், பின்னால் அதுதான் நடந்தது. ஆனால் அதைத் தெரிந்துகொள்ள அவர் காலைப் பார்த்திருக்க வேண்டும். ஸ்க்ரூ விஷயமும் இருக்கிறது. முதல் தடவை வரும் சாதாரணப் பிதுக்கத்துக்கு, எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்று நழுவாதபோது, இரண்டு எலும்பைச் சேர்த்து ஸ்க்ரூ போட்டு இறுக்குவது வழக்கமான சிகிச்சை இல்லை. நழுவுகிறதா என்று பார்க்க, நின்றும் குனிந்தும் நிமிர்ந்தும் சாதாரண எக்ஸ்ரே எடுப்பார்கள். அதைக்கூட அங்கே கேட்கவில்லை.

அட்வான்ஸ் கட்டாமல் திரும்பியதற்கு எங்கள் புத்திசாலித்தனம் காரணமில்லை, பணம் இல்லாததுதான்.

நடுவில் ஒரு வைத்தியர்

இதை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். சித்தப்பா ஒருவர் வற்புறுத்தி ஒரு கிராமத்து வைத்தியரிடம் கூட்டிப்போனார். எண்ணெய் தேய்த்து நீவியது இதமாகத்தான் இருந்தது. பிறகு குப்புறப் படுக்கவைத்து முழங்காலை இடுப்பில் ஊன்றி ஒரு திருப்பு திருப்பினார். மாமா போட்ட கூச்சல் வெளியே டீக்கடை வரைக்கும் கேட்டது. அன்றிரவு முழுக்கத் தூக்கமில்லை. எண்ணெய் வைத்தியத்தின் மேல் எனக்குக் கோபமில்லை; வெறும் தசைப்பிடிப்பாக இருந்தால் இதம் கிடைத்திருக்கும். நரம்பு வேர் மாட்டிக்கொண்டிருக்கும்போது இடுப்பைத் திருகுவது வேறு காரியம்.

செருப்பைக் கழற்றச் சொன்ன டாக்டர்

முப்பத்தோராம் நாள் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. நரம்பியல் அறுவை சிகிச்சைப் புறநோயாளி நாள் எது என்று தெரியாமல் முதல் நாள் போய்த் திரும்பி வந்தோம். இரண்டாம் தடவை காலை ஏழு மணிக்கே வரிசை. பெஞ்சில் இடமில்லை, மாமா சுவரில் சாய்ந்து நின்றார். சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் டாக்டர் பி. ராமமூர்த்தி 1950இல் நரம்பியல் அறுவை சிகிச்சையைத் தொடங்கினார். அதற்கு முந்தைய வருடம் வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் ஜேக்கப் சாண்டி தொடங்கியிருந்தார். அத்தனை வருடம் வேர்விட்ட துறையின் வாசலில் நின்றுகொண்டு, ‘ஜி.எச்.ல யாரு நல்லா பார்ப்பா?’ என்று நான் முணுமுணுத்துக்கொண்டிருந்தேன்.

எங்களைப் பார்த்தவர் மேற்படிப்பு மாணவர். இருபத்தேழு, இருபத்தெட்டு வயது இருக்கும். ஃபைலை நீட்டினேன். வாங்கி மேஜைமேல் வைத்துவிட்டு, ‘அண்ணா, செருப்பைக் கழட்டிட்டு மேல படுங்க’ என்றார். நேராக நீட்டிய இடது காலை மெல்லத் தூக்கினார். பாதி உயரம் போவதற்குள் மாமா கத்தினார். குண்டூசியால் பாதத்தில் இங்குமங்கும் தொட்டு எங்கே மரத்திருக்கிறது என்று கேட்டார். பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் மரத்திருந்தது. பிறகு தன் ஒரு விரலை மாமாவின் பெருவிரல் மேல் வைத்து, ‘நான் கீழ அழுத்துறேன், நீங்க மேல தூக்குங்க’ என்றார். வலது விரல் அவர் கையைத் தள்ளியது. இடது விரல் தூக்கியது, ஆனால் அவர் அழுத்தியதும் மடங்கிவிட்டது. குதிகாலில் நடக்கச் சொன்னார், நுனிக்காலில் நடக்கச் சொன்னார். நுனிக்காலில் சரியாக நடந்தார். குதிகாலில் இடதுபுறம் தடுமாறினார். ‘ஒண்ணுக்குப் போறதுல சிரமம் இருக்கா? போறது தெரியுதா? உட்கார்ற இடத்துல மரத்துப் போச்சா?’ என்று மூன்று கேள்வி.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் படத்தை எடுத்துப் பார்த்தார். ‘எல்-5 நரம்பு. படத்துல இருக்கிற பெரிசும் அதேதான். மத்த ரெண்டையும் மறந்துருங்க’ என்றார். சீட்டில் பெருவிரல் வலு ஐந்துக்கு நாலு என்று எழுதினார். நின்று குனிந்து எக்ஸ்ரே எடுத்துவரச் சொன்னார். எலும்பு நழுவவில்லை.

அவர் சொன்னதை அப்படியே நோட்டில் எழுதியிருக்கிறேன். ‘பத்துப் பேர்ல எட்டு ஒன்பது பேருக்கு ஆபரேஷன் இல்லாமலே ஆறு வாரம், பன்னிரண்டு வாரத்துல குறையும். வெளிய வந்த ஜவ்வை உடம்பே கரைச்சுக்கும். படுக்காதீங்க, முடிஞ்ச வரை நடங்க. கனம் தூக்காதீங்க, குனியாதீங்க, வண்டி ஓட்டாதீங்க. மாத்திரை வலிக்குத்தான், ஜவ்வுக்கு இல்லை. ரெண்டு வாரத்துல வாங்க. ஆனா விரல் இன்னும் விழுந்தா உடனே வாங்க. ஒண்ணுக்கு அடைச்சாலோ, போறது தெரியாமப் போனாலோ, பின்னாடி மரத்தாலோ அந்த ராத்திரியே எமர்ஜென்சிக்கு வாங்க, காலைல வரலாம்னு இருக்காதீங்க.’ தண்டுவடத்தின் அடியில் குதிரை வால் போலப் பிரியும் நரம்புக் கொத்து மொத்தமாக நசுங்கினால் அப்படி ஆகுமாம். 48 மணி நேரத்துக்குள் அழுத்தத்தை எடுக்காவிட்டால் சிறுநீர்க் கட்டுப்பாடு திரும்பாமலே போகலாம்.

பதினைந்து நிமிடம் ஆனது. ஐந்து ரூபாய்கூடச் செலவில்லை. பெயர் கேட்டு நன்றி சொல்லலாம் என்று திரும்பினால் அவர் அடுத்த நோயாளியின் செருப்பைக் கழற்றச் சொல்லிக்கொண்டிருந்தார்.

வலி குறைந்தது, அதுதான் சிக்கல்

மாமா நடக்க ஆரம்பித்தார். வாசல் வரை, தெருமுனை வரை, பிள்ளையார் கோயில் வரை. முப்பத்தெட்டாம் நாள் வலி பாதிக்கும் கீழே. வீடே சந்தோஷப்பட்டது. நாற்பதாம் நாள் மாலை அவருக்குப் பின்னால் நான் நடந்து போனேன். இடது கால் செருப்பு மட்டும் பின்னால் நின்றுவிட்டது. அவர் இரண்டடி போய்த்தான் தெரிந்து திரும்பினார். ‘ரெண்டு மூணு நாளா இப்படித்தான் மாப்ள, பட்டை லூசாயிடுச்சு’ என்றார்.

பட்டை நன்றாக இருந்தது. விரல்தான் பட்டையைப் பிடிக்கவில்லை. வீட்டுக்கு வந்து அந்த டாக்டர் செய்த மாதிரியே என் விரலை வைத்து அழுத்தினேன். மாமாவின் பெருவிரல் என் விரலின் கனத்தையே தாங்கவில்லை. குதிகாலில் நிற்கச் சொன்னால் பாதம் சொத்தென்று தரையில் விழுந்தது.

இந்த நிகழ்வில் எல்லோரும் ஏமாறக்கூடிய இடம் இதுதான் என்று நினைக்கிறேன். வலி குறைந்தால் நோய் குறைந்தது என்று மனசு கணக்குப் போடுகிறது. வலி குறையும்போது வலுவும் சேர்ந்து குறைந்தால், நரம்பு விடுபடவில்லை, செயலிழந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம் இருக்கலாம்.

மறுநாளே அதே மருத்துவமனை. இந்தத் தடவை பேராசிரியர் பார்த்தார். விரல் வலு ஐந்துக்கு இரண்டு, கணுக்காலை மேலே தூக்கும் வலு மூன்று. ‘இனி காத்திருக்க வேண்டாம்’ என்றார். நான் அதற்குள் 2007இல் வெளியான இன்னொரு நெதர்லாந்து ஆய்வைப் பற்றிப் படித்திருந்தேன். ஆறு முதல் பன்னிரண்டு வாரம் கடுமையான கால்வலியில் இருந்த 283 பேர். சிலருக்குச் சீக்கிரமே அறுவை, மற்றவர்களைப் பொறுத்துப் பார்ப்பது. சீக்கிரம் அறுத்துக்கொண்டவர்களுக்கு வலி வேகமாகப் போனது. ஒரு வருடம் கழித்து இரு தரப்பிலும் 95 சதவீதம் பேர் குணமாகிவிட்டார்கள். காத்திருந்தவர்களில் 39 சதவீதம் பேருக்கு இடையில் அறுவை தேவைப்பட்டது. அதைச் சொல்லி, பொறுத்தால் என்ன என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. ‘அந்த ஆய்வுல கால் விழுந்தவங்களைச் சேர்க்கவே இல்லையேப்பா’ என்றார். போய்ப் பார்த்தேன். உண்மைதான்.

எங்கே செய்வது

அரசு மருத்துவமனையில் தலைக்காயங்களும் கட்டிகளும் முதலில் போகும். திட்டமிட்ட ஜவ்வு அறுவைக்குத் தேதி கிடைக்க மூன்று வாரம் ஆகலாம் என்று பேராசிரியரே சொன்னார். ‘வெளியே முடிஞ்சா ஒரு வாரத்துக்குள்ள பண்ணிக்குங்க, இல்லேன்னா நான் எப்படியாவது நடுவுல போடுறேன்’ என்றார். அந்த வார்த்தையை நம்பி இருந்திருக்கலாம். நாங்கள் இன்னும் இரண்டு இடம் விசாரித்தோம்.

இந்த முறை ‘நல்ல ஆஸ்பத்திரி எது?’ என்று யாரையும் கேட்கவில்லை. கேள்வி சுருங்கியிருந்தது: எல்-4, எல்-5 இடதுபுறப் பிதுக்கத்தை ஒரு வாரத்துக்குள் எடுக்க வேண்டும், ஸ்க்ரூ வேண்டாம், மைக்ரோஸ்கோப்பில் வைத்துச் செய்ய வேண்டும், காப்பீட்டு அட்டை செல்ல வேண்டும், தையல் பிரிக்கவும் மறுபடி பார்க்கவும் போய்வரும் தூரத்தில் இருக்க வேண்டும். கேள்வி இப்படி ஆனதும் வேலூர், சென்னை எல்லாம் தானாகக் கழன்றுகொண்டன. சிக்கலான கேஸாக, மறு அறுவையாக, கூன் முதுகாக, கட்டியாக இருந்தால் அவ்வளவு தூரம் போவது நியாயம். இது தினமும் நடக்கும் அறுவை.

எலும்பு டாக்டரா, நரம்பு டாக்டரா என்று வீட்டில் ஒரு பட்டிமன்றம் நடந்தது. இரு தரப்பிலும் முதுகு அறுவை செய்பவர்கள் இருக்கிறார்கள். முதுகை மட்டுமே அல்லது பெரும்பாலும் அதையே செய்கிறாரா என்பதுதான் கேட்க வேண்டியது. நரம்பியல் மருத்துவர் வேறு, நரம்பியல் அறுவை மருத்துவர் வேறு என்பதும் அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கடைசியாகத் தேர்ந்தெடுத்த இடம் இரண்டு மணி நேரப் பயணத்தில் இருந்த, நடுத்தரமான ஒரு மருத்துவமனை. அங்கே டாக்டரிடம் நோட்டைப் பார்த்தே கேட்டேன். ஆபரேஷனை நீங்களே செய்வீர்களா? ‘நானே.’ இதில் ஸ்க்ரூ தேவைப்படுமா? ‘எக்ஸ்ரேல எலும்பு நழுவல, அதனால தேவையில்லை.’ லேசர் என்று போர்டு பார்த்தோமே? ‘உங்களுக்குத் துண்டு வெளிய வந்துடுச்சு, லேசர் அதுக்கு இல்லை.’ துளை வழியாகச் செய்வது? ‘செய்யலாம். நான் மைக்ரோஸ்கோப்புல பழகினவன், எனக்கு எது கை வருமோ அதைச் செய்யறதுதான் உங்களுக்கு நல்லது.’ இந்தப் பதில் எனக்கு ரொம்பப் பிடித்தது. என்ன தப்பு நடக்கலாம்? நரம்பைச் சுற்றியுள்ள உறை கிழிந்து நீர் கசியலாம், சீழ் பிடிக்கலாம், நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்கு அதே இடத்தில் மறுபடி பிதுங்கலாம் என்றார். ‘கால் வலி போயிடும்னு நம்பிச் சொல்லலாம். விரல் திரும்புமான்னு சத்தியம் பண்ண மாட்டேன். இடுப்பு வலிக்கும் இந்த ஆபரேஷனுக்கும் பெரிய சம்பந்தமில்லை.’ இப்படிக் குறைத்துச் சொன்னவரிடம்தான் எங்களுக்கு நம்பிக்கை வந்தது.

காப்பீடு பற்றி ஒரு வார்த்தை. 2023இல், வருட வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு, வி.ஏ.ஓ. தரும் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் கொண்டுபோய் கலெக்டர் ஆபீஸில் பதிந்தால் முதல்வர் காப்பீட்டு அட்டை கிடைத்தது. குடும்பத்துக்கு வருடம் ஐந்து லட்சம் வரை. அக்கா இரண்டு வருடத்துக்கு முன்பே பதிந்து வைத்திருந்தாள், யார் பேச்சையும் கேட்காமல். ஒரு மருத்துவமனை திட்டத்தில் இருக்கிறது என்றால் அங்கே எல்லாத் துறைக்கும் செல்லும் என்று அர்த்தமில்லை. துறைவாரியாகத்தான் அனுமதி. அதனால் வாசலில் போர்டைப் பார்த்துவிட்டு நிற்காமல், காப்பீட்டு கவுன்டரில் போய் ‘முதுகு ஜவ்வு அறுவைக்கு உண்டா?’ என்று கேட்க வேண்டும். முன் அனுமதி வர இரண்டு நாள் ஆனது.

அந்த இரண்டு நாளில் இன்னொன்று வெளிப்பட்டது. ரத்தப் பரிசோதனையில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 214. மயக்க மருந்து டாக்டர் கையை விரித்தார். சர்க்கரை இறங்காமல் அறுத்தால் சீழ் பிடிக்கும் அபாயம் கூடும். இன்சுலின் போட்டு இறக்கினார்கள். பாதம் மரத்ததில் சர்க்கரைக்கும் பங்கு இருந்திருக்குமோ என்று மாமா இன்றைக்கும் கேட்பார். டாக்டர் சொன்ன பதில்: சர்க்கரை என்றால் இரண்டு பாதமும் மரக்கும், ஒரு விரலிடுக்கு மட்டும் மரக்காது.

அறுவையும் அதற்குப் பிறகும்

நாற்பத்தொன்பதாம் நாள் காலை. முதுகில் மூன்று சென்டிமீட்டர் கீறல், தசையை ஒதுக்கி, எலும்பின் ஓரத்தில் கொஞ்சம் எடுத்து, நரம்பு வேரை நோகாமல் விலக்கி, அடியில் கிடந்த துண்டை எடுப்பது. ஒன்றேகால் மணி நேரம். எடுத்ததை ஒரு சின்ன டப்பாவில் போட்டுக் காட்டினார்கள். இறால் சதை மாதிரி வெள்ளையாக, மொத்தமும் ஒரு புளியங்கொட்டை அளவுக்கு மேல் இல்லை. இதற்குத்தானா என்று அக்கா கேட்டாள்.

சாயங்காலமே எழுந்து நிற்கவைத்தார்கள். காலில் ஓடிய கரண்ட் இல்லை. மூன்றாம் நாள் வீடு. ஒரு மாதம் குனிவது, தூக்குவது, நீண்ட நேரம் உட்காருவது கூடாது. நடப்பது மட்டும் தினமும் ஏறிக்கொண்டே போக வேண்டும். பாதம் விழாமலிருக்க ஒரு பிளாஸ்டிக் பட்டை கொடுத்தார்கள். அதைக் கூச்சப்பட்டுக்கொண்டு லுங்கிக்குள் மறைப்பார். பிசியோதெரபிக்கு ஒவ்வொரு தடவையும் ஆட்டோ பிடித்துப் போக முடியவில்லை. மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே ஒருவர் வந்து சொல்லிக்கொடுத்தார். பீடியை டாக்டர் நிறுத்தச் சொன்னார். முழுதாக நின்றது என்று நான் சாட்சி சொல்ல மாட்டேன்.

விரலின் கணக்கு நோட்டில் இப்படி இருக்கிறது. அறுவைக்கு முன் இரண்டு. ஆறு வாரத்தில் மூன்று. நான்கு மாதத்தில் நாலு. ஒரு வருடத்தில் டாக்டர் நாலுக்குப் பக்கத்தில் ஒரு கூட்டல் குறி போட்டார். அதற்கு மேல் ஏறவில்லை. முதல் தடவை நாலு இருந்தபோதே அறுத்திருந்தால் ஐந்து கிடைத்திருக்குமா என்று கேட்டேன். ‘அப்ப அறுத்திருந்தா, அறுக்காமலே சரியாகியிருக்கும்னு நீங்களே சொல்லிட்டிருப்பீங்க’ என்றார்.

ஒரு நாளை மட்டும் நான் மறுபடி மறுபடி புரட்டிப் பார்க்கிறேன். முப்பத்தெட்டாம் நாள், ‘வலி ரொம்பக் குறைவு, எல்லாருக்கும் பாயசம்’ என்று எழுதியிருக்கிறேன். அன்றைக்கு விரலைத் தொட்டுப் பார்க்கவில்லை. செருப்பு நழுவ ஆரம்பித்தது அந்த வாரம்தான்.

மாமா வடக்கே போவதை விட்டுவிட்டார். இப்போது சின்ன வண்டியில் முட்டை லோடு, நாமக்கல்லிலிருந்து பாலக்காடு வரை, அன்றைக்கே திரும்பிவிடுவார். ஏற்ற இறக்க ஆள் வைத்துக்கொள்கிறார், தார்ப்பாயும் கட்டுவதில்லை. எல்-3, எல்-4 வீக்கமும் எல்-5, எஸ்-1 வீக்கமும் அப்படியே இருக்கின்றன, அவற்றை யாரும் தொடவில்லை, அவையும் இவரைத் தொடவில்லை. விரலிடுக்கில் மரப்பு போகவில்லை. பின்னால் வார் வைத்த செருப்புதான் போடுகிறார்.